முதியோர் சேவைக்கு மார்க் போட முடியுமா? – வாசகர் கேள்வி-பதில்

முதியோருக்காக இயங்கும் ஒரு ட்ரஸ்டில் மதிப்பீட்டுப் பிரிவைப் பார்த்துக்கொள்ளும் அக்காவிடம் கேள்வி கேட்கலாம் என்று சென்ற இதழில் அறிவித்திருந்தோம். வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு அவருடைய பதில்கள்.

எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப்பணி முதுகலை) மாணவர், திருச்சி: அக்கா, எங்களுக்கு ‘புரோகிராம் இவால்யுவேஷன்’ என்று ஒரு பேப்பர் இருக்கிறது. படித்தால் ஒன்றும் பிடிபடவில்லை. இந்த வேலையில் இருப்பவர் காலையில் ஆபீசுக்கு வந்து உட்கார்ந்து என்னதான் செய்வார்?

பாதி நாள் உட்காரவே மாட்டார் தம்பி. எங்கள் ட்ரஸ்ட் தேனி, திண்டுக்கல் பக்கத்துக் கிராமங்களில் வேலை செய்கிறது. பகல் நேர மையம் நடத்துகிறோம், படுக்கையில் இருப்பவர்களை வீட்டுக்கே போய்ப் பார்க்கிறோம், கண்புரை ஆபரேஷனுக்கு அழைத்துப் போகிறோம், முதியோர் உதவித்தொகைக்கு மனு எழுதிக் கொடுக்கிறோம். இதெல்லாம் சொன்னபடி நடக்கிறதா, நடந்ததால் அந்த மனிதருக்கு என்ன ஆனது என்று பார்ப்பதுதான் என் வேலை. முதல் பாதிக்குக் கண்காணிப்பு என்றும் இரண்டாவதற்கு மதிப்பீடு என்றும் உங்கள் பேப்பரில் போட்டிருப்பார்கள்.

திங்கட்கிழமை என்றால் வருகைப் பதிவேடு. ஒரு மையத்தில் மாதம் முழுக்க தினமும் 40 பேர் என்று அழகாக எழுதியிருந்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும். மழை பெய்யும், துட்டி விழும், மாரியம்மன் கோயிலில் பொங்கல் வைப்பார்கள். அன்றைக்கும் 40 பேர் வந்து கேரம் ஆடினார்களா? அடித்தல் திருத்தலோடு 37, 22, 31, 9 என்று இருக்கும் பதிவேட்டைத்தான் நம்புவேன். செவ்வாய், புதன் கிராமத்தில். வியாழன் எக்செல். வெள்ளிக்கிழமை புராஜெக்ட் கோ-ஆர்டினேட்டரோடு சண்டை. என்னை ஆடிட்டர் என்று நினைத்துப் பதிவேட்டை ஒளித்து வைத்தவர்களும் உண்டு. நாள் போகப் போக அவர்களே கூப்பிட்டு, “அக்கா, இந்த ஊர்ல ஏதோ சரியில்ல, வந்து பாருங்க” என்பார்கள். அங்கிருந்துதான் உண்மையான வேலை ஆரம்பிக்கும்.

படிப்பு என்றால் சமூகப்பணி, புள்ளியியல், பொருளாதாரம் எதுவும் சரிதான். காந்திகிராமத்தில் படித்தவர்களும் இருக்கிறார்கள், வேறு வேலையிலிருந்து தாவி வந்தவர்களும் இருக்கிறார்கள். காது மந்தமானவரிடம் மூன்றாவது தடவையும் அதே குரலில் கேள்வி கேட்க முடியாதவர்களுக்கு மட்டும் இது ஒத்துவராது.

ஓய்வுபெற்ற ஆசிரியை, காரைக்குடி: அன்றாட வேலைகளைத் தாங்களே செய்ய முடிகிறதா என்று பார்த்து முதியவர்களுக்கு மதிப்பெண் போடுகிறோம். எங்கள் மையத்தில் சேர்ந்தபோது எடுத்த மதிப்பெண்ணையும் ஒரு வருடம் கழித்து எடுத்ததையும் வைத்துப் பார்த்தால், பலருக்குக் குறைந்திருக்கிறது. நிதி கொடுப்பவர்கள் “முன்னேற்றம் எங்கே?” என்கிறார்கள். இது தோல்விதானா?

டீச்சர், 79 வயதுக்காரரை 80 வயதில் முன்னேறிக் காட்டச் சொல்பவர்களிடம் முதலில் உட்கார்ந்து பேச வேண்டும். நீங்கள் பள்ளியில் இருந்தவர், சொன்னால் உடனே புரியும். குழந்தைகள் திட்டத்தில் நாம் ஒன்றுமே செய்யாவிட்டாலும் பிள்ளை ஒரு வருடத்தில் வளர்ந்துவிடும், பெயர் திட்டத்துக்குப் போகும். முதியோர் திட்டத்தில் எல்லாம் செய்தாலும் உடம்பு கொஞ்சம் இறங்கும், பழி திட்டத்துக்கு வரும். இரண்டுமே தப்புக் கணக்கு. நாம் இல்லாமல் போயிருந்தால் இந்த ஆள் இப்போது எந்த நிலையில் இருந்திருப்பார் என்பதைத்தான் கேட்க வேண்டும்.

அதைத் தெரிந்துகொள்ள ஒப்பிட யாராவது வேண்டும். “கொஞ்சம் பேருக்கு உதவி, கொஞ்சம் பேருக்கு இல்லை என்று பிரிப்பதா?” என்று நல்ல மனசுக்காரர்கள் பதறுவார்கள். பிரிக்கவே வேண்டாம். எப்படியும் எல்லா ஊருக்கும் ஒரே நாளில் போகப் பணமும் ஆளும் இருக்காது. எந்த ஊர் இந்த வருடம், எந்த ஊர் அடுத்த வருடம் என்பதைத் தலைவருக்குத் தெரிந்த ஊர் என்று முடிவு செய்யாமல் சீட்டுக் குலுக்கிப் போடுங்கள். காத்திருக்கும் ஊரிலும் அதே கேள்விகளைக் கேட்டு வைத்துக்கொண்டால், உங்கள் ஊரில் எவ்வளவு இறங்கியது, அங்கே எவ்வளவு இறங்கியது என்று பார்க்கலாம். குலுக்கல் நியாயமாகவும் இருக்கும், கவுன்சிலர் போனும் குறையும். அதுவும் முடியாதென்றால், கேள்விகளையாவது சொந்தமாக எழுதாதீர்கள். 2017-18இல் எடுத்த லாசி என்ற அகில இந்திய முதுமை ஆய்வில் 45 வயதுக்கு மேற்பட்ட 72,000-க்கும் அதிகமானவர்களிடம் கேட்டிருக்கிறார்கள். அதே கேள்வியைக் கேட்டால் தமிழ்நாட்டுக்கான எண்ணோடு வைத்துப் பார்க்கவாவது முடியும்.

அடுத்தது, எந்த அளவுகோலால் அளந்தீர்கள்? கடிதத்தைப் பார்த்தால் கேட்ஸ் அட்டவணை என்று நினைக்கிறேன். சிட்னி கேட்ஸ் என்ற மருத்துவர் 1963இல் வெளியிட்டது. குளிப்பது, உடுத்துவது, கழிப்பறை போவது, படுக்கையிலிருந்து எழுந்து நாற்காலிக்கு மாறுவது, மலஜலம் அடக்குவது, தானாகச் சாப்பிடுவது என்று ஆறே விஷயம். இடுப்பெலும்பு முறிந்து கிடந்தவர்களைப் பார்த்துப் பார்த்து உருவாக்கியது. மனிதர் முதலில் இழப்பது குளிக்கும் திறனை, கடைசியில் இழப்பது சாப்பிடும் திறனை என்று அவர் கவனித்தார். படுக்கையில் கிடப்பவர்களுக்கு அருமையான அளவுகோல். பகல் மையத்துக்கு நடந்து வருகிறவர்களுக்கு உதவாது. அவர்களில் முக்கால்வாசிப் பேர் முதல் நாளே ஆறுக்கு ஆறு வாங்கிவிடுவார்கள். அதற்கு மேல் ஏற இடமில்லை, இறங்க மட்டும்தான் இடம் இருக்கிறது.

அவர்களுக்கு 1969இல் வந்த லாட்டன் அளவுகோல் பரவாயில்லை: கடைக்குப் போவது, சமைப்பது, துவைப்பது, பஸ் ஏறுவது, மாத்திரை, பணம், போன் இப்படி. ஆனால் வாழ்நாளில் ஒரு டம்ளர்கூடக் கழுவாத தாத்தாவிடம் “சமைப்பீர்களா?” என்று கேட்டு மார்க்கைக் குறைப்பதில் என்ன அர்த்தம்? அமெரிக்காவிலேயே அந்தக் காலத்தில் ஆண்களுக்கு சமையல், வீட்டு வேலை, துவைப்பு மூன்றையும் விட்டுவிட்டுத்தான் கணக்குப் போட்டார்கள். குந்தி உட்காரும் கழிப்பறையும், வாசலில் இருக்கும் குழாயடியும் நம் ஊர்க்காரரின் மார்க்கைக் குறைக்கும்; கால் அதே கால்தான். ஒரு கைப்பிடிக் கம்பி அடித்துக் கொடுத்தால் மார்க் ஏறிவிடும். கம்பி அடித்ததும் சேவைதானே, அதையும் எழுதுங்கள்.

இன்னும் இரண்டு குழி இருக்கிறது. ஒன்று, ஆட்கள் நம்மிடம் வந்து சேரும் நேரம். விழுந்து அடிபட்ட வாரம், கணவர் இறந்த மாதம் என்று மோசமான நேரத்தில்தான் வருவார்கள். அதில் கொஞ்சம் பேர் நாம் இல்லாவிட்டாலும் தேறியிருப்பார்கள். அந்த ஏற்றத்தை நம் கணக்கில் எழுதிக்கொள்ளக் கூடாது.

இரண்டாவது, சாவு. இதைப் பேசத் தயங்குகிறார்கள், ஆனால் இந்தத் துறையில் பேசாமல் இருக்க முடியாது. ஆரம்பத்தில் 100 பேர், வருடக் கடைசியில் 86 பேர் என்று வையுங்கள். போன 14 பேர் பெரும்பாலும் பலவீனமானவர்கள். மீதிப் பேரின் சராசரியை மட்டும் எடுத்தால் ‘ஆரோக்கியம் கூடியிருக்கிறது’ என்று வரும்! அப்படி வந்த ரிப்போர்ட்டுக்கு நிதி கொடுக்கும் ஃபண்டர் கைதட்டியதையும் பார்த்திருக்கிறேன். இறந்தவர்களைப் பட்டியலிலிருந்து நீக்காதீர்கள். அவர்களைத் தனி வரிசையாகக் காட்டுங்கள். எங்கே இறந்தார்கள், வலி கட்டுக்குள் இருந்ததா, படுக்கைப் புண் இருந்ததா, பக்கத்தில் யார் இருந்தார்கள் என்று குடும்பத்திடம் கொஞ்ச காலம் கழித்துக் கேளுங்கள். வீட்டுப் பராமரிப்பில் ஆறு மாதம் படுக்கையில் இருந்தவர் முதுகில் ஒரு புண் இல்லாமல் போனார் என்றால், எங்கள் ரிப்போர்ட்டில் அதை வெற்றி என்றே எழுதுகிறோம்.

உங்கள் நிதியாளரிடம் முன்னேற்றம் என்ற கட்டத்தை எடுத்துவிட்டு ‘தக்கவைத்தது’ என்று ஒரு கட்டம் கேளுங்கள். சேரும்போதே ஒவ்வொருவரிடமும் “இந்த வருஷம் உங்களால எது முடியணும்?” என்று கேட்டு எழுதி வையுங்கள். பிள்ளையார் கோயில் வரைக்கும் தனியாகப் போகணும், பேத்தி கல்யாணத்துக்கு பஸ்ஸில் ஏறணும் என்று சொல்வார்கள். நடந்ததா இல்லையா என்று பார்த்துக்கொள்ளலாம்.

சர்வே எடுக்கும் பெண், உசிலம்பட்டி: எதைக் கேட்டாலும் “நல்லா இருக்கேன் தாயி, உங்க புண்ணியத்துல” என்கிறார்கள். எல்லா ஃபாரத்திலும் ‘மிக திருப்தி’. நான் என்ன செய்ய?

வீட்டுக்கு வந்த பிள்ளையிடம் குறை சொல்லக் கூடாது என்பது அவர்கள் வளர்ந்த விதம். கூடவே, ஏதாவது சொன்னால் மதியச் சாப்பாடு நின்றுவிடுமோ என்ற பயம். எனவே சாப்பாடு போடுகிறவரே சர்வே எடுக்கக் கூடாது. மையத்துக்கு மையம் ஆளை மாற்றி அனுப்பச் சொல்லுங்கள். திருப்தி என்ற கேள்வியைத் தூக்கிவிட்டு, நேற்று ராத்திரி என்ன சாப்பிட்டீர்கள், யார் கொடுத்தார்கள், போன வாரம் எந்த நாள் மையத்துக்கு வரவில்லை, ஏன் என்று கேளுங்கள். நேற்றைப் பற்றி யாரும் மரியாதைக்காகப் பதில் சொல்வதில்லை.

கேட்பதைவிடப் பார்ப்பது நல்லது. “மாத்திரை ஒழுங்கா போடுறேன்” என்றால் “அந்தப் பையை எடுங்க அப்பத்தா, பார்ப்போம்” என்று சொல்லுங்கள். தினம் ஒன்று என்று வாங்கிய 30 மாத்திரையில் 20 நாள் கழித்து 24 மிச்சம் இருந்தால் அதுதான் பதில். நடையைப் பார்க்க 1991இலிருந்து ஒரு எளிய சோதனை இருக்கிறது. நாற்காலியிலிருந்து எழுந்து, மூன்று மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்கார வேண்டும். 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால் விழும் ஆபத்து அதிகம் என்று எடுத்துக்கொள்வார்கள். செல்போன் கடிகாரம் போதும். பிளாஸ்டிக் நாற்காலி சிமெண்டுத் தரையில் வழுக்கும், சுவரை ஒட்டிப் போட்டுக்கொள்ளுங்கள். எழும்போது பக்கத்திலேயே நில்லுங்கள்.

மருமகள் பக்கத்தில் நிற்பாள். நின்றால் உண்மை வராது, போகச் சொன்னால் பகை வரும். இரண்டு பேராகப் போங்கள். ஒருவர் பாட்டியோடு திண்ணையில், இன்னொருவர் மருமகளோடு அடுப்படியில், அவளுக்கென்று தனி ஃபாரத்தோடு. இது தந்திரம் மட்டும் இல்லை. கவனித்துக்கொள்கிறவர்களின் சுமையை யாரும் கேட்பதே இல்லை. ஆரம்பித்தால் அவள் பாட்டியைவிட அதிக நேரம் பேசுவாள்.

முதியோர் மனச்சோர்வுக்கான 15 கேள்வி அளவுகோலை வைத்திருக்கிறீர்களா? 1986இல் வந்த சுருக்க வடிவம், ஆமாம்-இல்லை என்று பதில். நல்ல கருவிதான். ஆனால் அதில், வெளியே போய்ப் புதிதாக ஏதாவது செய்வதைவிட வீட்டில் இருப்பதே பிடிக்குமா என்று ஒரு கேள்வி. நம் கிராமத்தில் 75 வயது விதவை ‘ஆமாம்’ என்றுதான் சொல்வார். அதுதான் கௌரவம் என்று சொல்லி வளர்த்திருக்கிறார்கள். அதற்கு ஒரு புள்ளி சோர்வுக் கணக்கில் ஏறும். ஐந்து, ஆறு புள்ளி எடுத்தவர்களை அந்த ஒரு எண்ணை வைத்து முத்திரை குத்தாமல் ஒரு நர்ஸையோ டாக்டரையோ பார்க்கச் சொல்லுங்கள்.

காலை பத்து மணிக்குப் போனால் திடமாக இருப்பவர்கள் நூறு நாள் வேலைக்குப் போயிருப்பார்கள். வீட்டில் அகப்படுபவர்களை மட்டும் கேட்டுவிட்டு ‘இந்த ஊர் முதியோர் எல்லாரும் பலவீனம்’ என்று எழுதிவிடாதீர்கள். பூட்டியிருந்த வீட்டுக்கு சாயங்காலம் இன்னொரு தடவை.

வாசகர், இராமநாதபுரம்: என் பாட்டியிடம் வயது கேட்டால் “எம்பதோ தொண்ணூறோ” என்கிறார். உங்கள் கணக்கெல்லாம் வயதை வைத்துத்தானே?

ஆமாம், அதுதான் தலைவலி. எங்கள் பட்டியலில் 60, 65, 70, 75 என்று கொத்துக் கொத்தாக இருப்பார்கள், 63-க்கும் 68-க்கும் ஆளே இருக்காது. ஆதாரில் ஜனவரி 1 பிறந்தவர்கள் அத்தனை பேர். உதவித்தொகைக்கு 60 வயது வேண்டும் என்பதால் 57 வயதுக்காரரும் சட்டென்று 60 ஆகிவிடுவதுண்டு.

எண்ணைக் கேட்காமல் சம்பவத்தைக் கேட்போம். உங்கள் ஊரில் சுலபம்: 1964 டிசம்பரில் தனுஷ்கோடியைப் புயல் கொண்டுபோனபோது உங்களுக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா? கையில் பிள்ளை இருந்ததா? மற்ற இடங்களில் அண்ணா இறந்தது 1969 பிப்ரவரி, காமராஜர் இறந்தது 1975 அக்டோபர் 2, எம்.ஜி.ஆர். முதல்வர் ஆனது 1977. “அண்ணா செத்தப்போ மூத்தவன் வயித்துல” என்று ஒரு வார்த்தை வந்தால் போதும், இரண்டு மூன்று வருடம் முன்பின்னாக வயதைப் பிடித்துவிடலாம். பாட்டிக்கும் பேசிக்கொண்டிருக்க சந்தோஷம்.

ட்ரஸ்ட் செயலாளர், கும்பகோணம்: எங்களுக்கு 12 லட்சம் சிஎஸ்ஆர் நிதி (கம்பெனிகள் சமூகப் பொறுப்புக்காகச் செலவழிக்கும் பணம்) தரும் கம்பெனி, ‘இம்பாக்ட் அசெஸ்மெண்ட் (தாக்க மதிப்பீடு) சட்டப்படி கட்டாயம்’ என்கிறது. உண்மையா?

உங்கள் திட்டத்துக்குக் கட்டாயம் இல்லை. கம்பெனிகள் சட்டம் 2013, 135ஆம் பிரிவின் கீழ் உள்ள விதிகளை 2021 ஜனவரியில் திருத்தினார்கள். கடந்த மூன்று நிதியாண்டுகளில் சராசரியாக 10 கோடி அல்லது அதற்கு மேல் சிஎஸ்ஆர் கடமை உள்ள கம்பெனி, ஒரு கோடி அல்லது அதற்கு மேல் செலவழித்த திட்டத்துக்கு, அது முடிந்து ஒரு வருடமாவது ஆன பிறகு, வெளியாள் ஒருவரை வைத்துத் தாக்க மதிப்பீடு செய்ய வேண்டும். கடமை கம்பெனியுடையது, உங்களுடையது இல்லை. அதற்கான செலவில் அந்த வருட சிஎஸ்ஆர் தொகையில் 2 சதவீதம் அல்லது 50 லட்சம், எது அதிகமோ அதுவரை சிஎஸ்ஆர் கணக்கிலேயே எழுதலாம் என்று 2022இல் மாற்றினார்கள். எனவே உங்கள் 12 லட்சத்திலிருந்து இதற்குப் பிடிக்கச் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

ஆனாலும் அவர்கள் கேட்பது முழுக்கத் தப்பில்லை. முதல் நாளிலிருந்து யார் வந்தார்கள், என்ன நிலையில் வந்தார்கள் என்று வைத்திருந்தால்தான் நாளைக்கு வெளியாள் வந்தாலும் ஏதாவது சொல்ல முடியும். பேஸ்லைன் என்கிற இந்த ஆரம்ப நிலைக் கணக்கு இல்லாமல் மூன்றாவது வருடம் ஒரு ஏஜென்சி வந்து, நாலு பாட்டிகளோடு போட்டோ எடுத்து, ‘வாழ்வில் ஒளி’ என்று தலைப்புப் போட்டுக் கொடுப்பார்கள். அது உங்களுக்கும் உதவாது, கம்பெனிக்கும் உதவாது.

வாசகி, ஒட்டன்சத்திரம்: எங்கள் ஊர் முதியோர் மையம் தினமும் நிரம்பி வழிகிறது. இதைவிட என்ன நிரூபணம் வேண்டும்?

யார் வரவில்லை என்ற பட்டியல் வேண்டும். மையம் நிரம்பினால் ஊருக்கே சேவை போய்விட்டது போலத் தோன்றும். ஆனால் வருகிறவர்கள் நடக்க முடிந்தவர்கள், பேச்சுத் துணை உள்ளவர்கள், பெரும்பாலும் மையம் இருக்கும் தெருக்காரர்கள். கட்டடம் ஊருக்குள் கோயில் மண்டபத்தை ஒட்டி இருந்தால் காலனிப் பக்கத்திலிருந்து எத்தனை பேர் வந்து பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். பதிவேட்டில் தெருப் பெயருக்கு ஒரு கட்டம் போட்டாலே தெரிந்துவிடும். அந்தக் கட்டத்தைப் போடச் சொன்னதற்கு எனக்கு ஒரு ஊரில் டீ கூடக் கிடைக்கவில்லை.

வாக்காளர் பட்டியலை எடுத்து 60-க்கு மேற்பட்டவர்களைக் குறித்துக்கொண்டு தெருத் தெருவாக நடப்பதுதான் வழி. இப்போது இன்னொரு வசதியும் இருக்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு வீடாக பிபி, சுகர் மாத்திரை கொடுக்கும் பெண்களுக்கு எந்த வீட்டின் பின்கட்டில் யார் படுத்திருக்கிறார் என்பது மனப்பாடம். அவர்களோடு ஒரு நாள் நடந்தால் நம் சர்வே மாதக்கணக்கில் காட்டாததைக் காட்டிவிடுவார்கள்.

மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை 1976இல் ஆரம்பித்தது. இலவசம் என்று போர்டு வைத்தால் மட்டும் கிராமத்துப் பெரியவர்கள் வர மாட்டார்கள், பஸ்ஸும் சாப்பாடும் கூட வேண்டும் என்று கண்டுகொண்டு முகாம்களிலிருந்தே அழைத்துப் போகிறார்கள். வராதவர் ஏன் வரவில்லை என்று கேட்டதால்தானே அது தெரிந்தது.

வாசகர், திருநெல்வேலி: மதிப்பீடு, சர்வே என்று செலவழிக்கும் காசில் இன்னும் பத்துப் பாட்டிகளுக்குச் சோறு போடலாமே?

பாதி ஒத்துக்கொள்கிறேன். 30 பேருக்குச் சோறு போடும் சின்ன அமைப்பு தாக்க ஆய்வு செய்ய வேண்டியதே இல்லை. சாப்பாடு சூடாக, நேரத்துக்கு, பல் இல்லாதவரும் மெல்லும்படி போய்ச் சேர்கிறதா என்று பார்த்தால் போதும். சோறு போட்டால் பசி அடங்கும் என்பதற்கு ஆராய்ச்சி எதற்கு?

மீதிப் பாதியைக் கேளுங்கள். ஒரு வருடம் நிறைய வாக்கர் வாங்கிக் கொடுத்தோம். விழாவும் நடந்தது, போட்டோவும் பேப்பரில் வந்தது. பிறகு வீடு வீடாகப் போனால் பல இடங்களில் அதன் மேல் துண்டு காய்ந்துகொண்டிருந்தது. பழைய வீட்டு நிலைப்படியும் வாசலும் அந்த அகலத்துக்கு ஒத்துவரவில்லை, வெளியே மண் தெருவில் அது நகரவில்லை. அடுத்த வருடம் அந்தப் பணத்தில் கழிப்பறைக் கம்பியும் நாலு கால் ஊன்றுகோலும் வாங்கினோம். அந்த வீட்டு விசிட்டுகளுக்கு ஆன பஸ் கட்டணத்தைச் சோற்றுக் காசு என்று எடுத்துக்கொள்வீர்களா, வேறு கணக்கில் எழுதுவீர்களா, நீங்களே சொல்லுங்கள்.

உதவித்தொகையையும் பாருங்கள். தமிழ்நாட்டில் 2023இல் 1,000-லிருந்து 1,200 ரூபாய் ஆனது. அதில் மத்திய அரசின் பங்கு 79 வயது வரை 200, 80 ஆனால் 500. எத்தனை மனு எழுதிக் கொடுத்தோம் என்பது எங்கள் ரிப்போர்ட்டில் பெரிய எண்ணாக வரும். எத்தனை பேர் கைக்குப் பணம் வந்தது என்று தேடியபோதுதான் எங்கே நிற்கிறது என்று தெரிந்தது. பெரும்பாலும் ஆதாரில் ஒரு பெயர், பாஸ்புக்கில் ஒரு பெயர். இப்போது மனு எழுதும் முன்னால் பெயர்த் திருத்தம். மனுக்களின் எண்ணிக்கை குறைந்துவிட்டது, பணம் வாங்குகிறவர்கள் கூடியிருக்கிறார்கள்.

வாசகர், சேலம்: சர்வே எடுக்க எந்த சாஃப்ட்வேர்?

கோபோ டூல்பாக்ஸ். நெட் இல்லாத இடத்திலும் ஓடும், கேள்விகளைத் தமிழில் ஏற்றலாம். 50 பேர் என்றால் நோட்டும் எக்செலும் போதும்.

களப்பணியாளர், போடி: கேள்வி கேட்டுக்கொண்டிருக்கும்போது ஒரு பாட்டி “செத்துப் போயிரலாம்னு இருக்கு” என்று அழுதார். மகன் அடிக்கிறான் என்று இன்னொருவர். ஃபாரத்தில் அதற்குக் கட்டம் இல்லை. என்ன செய்வது?

சர்வே எடுக்கும் டேப்லெட்டைக் கீழே வையுங்கள். சர்வே அன்றைக்கு முடியாவிட்டால் போகட்டும்.

இது நடக்கும் என்று தெரிந்தே அனுப்ப வேண்டியது எங்களைப் போன்றவர்களின் பொறுப்பு. ஊருக்குள் போகும் முன்பே மாவட்ட மனநலத் திட்ட மருத்துவர் எந்தக் கிழமை எங்கே வருகிறார், யாருக்குப் போன் செய்வது என்று உங்கள் கையில் காகிதம் இருக்க வேண்டும். இல்லையென்றால் உங்கள் மேலாளரிடம் சண்டை போட்டு வாங்குங்கள். மனநல உதவிக்கான டெலி மானஸ் 14416, முதியோர் உதவி எண் 14567 இரண்டும் இலவசம். சாக வேண்டும் என்று சொன்னவரை, வெறும் வாய்வார்த்தை என்று நினைத்துத் தனியாக விட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போகக் கூடாது. பூச்சிமருந்து எங்கே இருக்கிறது என்று கேட்டு, வீட்டில் நம்பகமான ஒருவரிடம் சொல்லி அவர் கைக்கு எட்டாமல் எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.

அடி விஷயம் வேறு மாதிரி. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007இன்படி கோட்டாட்சியரிடம் மனு கொடுக்கலாம், வக்கீல் வேண்டாம். ஆனால் பெரும்பாலான தாய்மார்கள் “எம் புள்ள மேல கேசா?” என்று பின்வாங்குவார்கள். உயிருக்கு ஆபத்து இல்லாதவரை முடிவு அவருடையது. வழி இருக்கிறது என்று சொல்லிவிட்டு, அடுத்த வாரமும் போய்ப் பாருங்கள். சில வீடுகளில் ஒரு வெளியாள் வாரா வாரம் வந்து போகிறார் என்பதே கையை அடக்குகிறது. அன்றைக்குக் கேட்டதை டீக்கடையில் பேசாதீர்கள். இரவு தூக்கம் வரவில்லை என்றால் என்னைப் போன்ற ஒருத்தியைக் கூப்பிட்டுப் புலம்புங்கள், தப்பில்லை.

மாணவி, மதுரை: இவ்வளவு எடுத்த கணக்கை அந்தத் தாத்தா பாட்டிகளிடம் காட்டுவீர்களா, ஃபண்டருக்கு மட்டும்தானா?

காட்டுகிறோம். மையத்தில் மைக் வைத்து வாசிப்பேன். பை சார்ட் எல்லாம் வேண்டாம், நூற்றுக்கு எத்தனை பேர் என்று சொன்னால் போதும். வாசிக்கும்போதே மறுப்பார்கள். ‘விழுந்தவர்கள் குறைந்திருக்கிறார்கள்’ என்று படித்தபோது பின்னாலிருந்து ஒரு தாத்தா, “விழுந்தேன்னு சொன்னா வெளிய விட மாட்டாங்கன்னு யாரும் சொல்லல தாயி” என்றார். ரிப்போர்ட்டில் அந்தப் பக்கத்தை அப்படியே திருத்த வேண்டியிருந்தது.

இன்னொரு ஊரில், மையத்தில் என்ன குறை என்ற பேச்சு வந்தபோது சாப்பாட்டைப் பற்றி யாருமே பேசவில்லை. மூன்று மணிக்கு மூடுகிறீர்களே என்றார்கள். வீட்டில் எல்லாரும் வேலைக்குப் போய்விடுவார்கள், சாவி மருமகளிடம். ஐந்தரை வரை பூட்டிய வாசலில் உட்கார்ந்திருக்க வேண்டும், ஒண்ணுக்குப் போகக்கூட இடமில்லை. எங்கள் கேள்வித்தாள் எட்டுப் பக்கம், அதில் சாவி பற்றி ஒரு வரி இல்லை. அடுத்த பேஸ்லைனில் ‘பகலில் வீட்டுச் சாவி யாரிடம் இருக்கும்?’ என்று சேர்த்தாயிற்று. மையத்தைச் சாயங்காலம் வரை திறந்து வைக்க உதவியாளருக்குக் கூடுதல் சம்பளம் தரவேண்டும். கேட்டு எழுதியிருக்கிறோம், இன்னும் ஓகே ஆகவில்லை.